வீட்டை ஏற்றுமுன் வண்டியை எடை போடுங்கள்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. என் வீட்டுக்காரர் 31 வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவர். 2018-ல் தயாரான 12 இருக்கை டிராவலர் வேன் ஒன்றை வாங்கியிருக்கிறோம். இருக்கைகளைக் கழற்றிவிட்டு உள்ளே வீடு போல அமைத்து, தை பிறந்ததும் கேரளக் கடற்கரை, மே மாதம் நீலகிரி, அடுத்த வருடம் லடாக் என்று போக ஆசை. எங்கள் தச்சர் ஒரு பட்டியல் போட்டுத் தந்திருக்கிறார். 18 மி.மீ. பிளைவுட்டில் அலமாரிகள், கூரை மேல் 300 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, ஒன்றரை டன் ஏ.சி., அதற்கு ஒரு ஜெனரேட்டர், வீட்டில் இருக்கும் இன்வெர்ட்டரும் டியூபுலர் பேட்டரியும், வழக்கமான சமையல் சிலிண்டர், 43 அங்குல டி.வி., வெஸ்டர்ன் டாய்லெட். "12 பேர் போன வண்டிதானே, தாங்கும்" என்கிறார். என் வீட்டுக்காரருக்கு வண்டி தெரியும், எனக்கு வீடு தெரியும். இரண்டும் ஒன்றானால் என்ன ஆகும் என்று இருவருக்குமே தெரியவில்லை. எதை வைக்கலாம், எதை விடலாம், எப்படிப் பராமரிப்பது?
— தஞ்சாவூர் வாசகி

பதில்: அம்மா, வணக்கம். உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளை இரண்டு முறை படித்தேன். கேரவன் கட்டித் தரச் சொல்லி என் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். வண்டி என்று ஒன்று இருப்பதே முதல் மலையில் பிரேக் சூடாகும்போதுதான் நினைவுக்கு வரும். நீங்கள் மரவேலை தொடங்குமுன்பே கேட்டது நல்லதாகப் போயிற்று.

முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். இருக்கைகளைக் கழற்றிய வேனை, டீசல் நிரப்பி, பக்கத்தில் இருக்கும் எடை மேடைக்குக் கொண்டுபோய் எடை போடுங்கள். முழு வண்டிக்கு ஒரு எடை, முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை, பின் சக்கரங்களுக்கு ஒரு எடை. மூன்று சீட்டையும் பத்திரமாக வையுங்கள். ஆர்.சி.யில் மொத்த எடை எவ்வளவு வரை அனுமதி என்று போட்டிருக்கும். அதில் இன்று வந்த எடையைக் கழியுங்கள். உங்கள் இருவரின் எடையையும், துணிமணி, அரிசி பருப்பு, பாத்திரத்துக்கு ஒரு 150 கிலோவையும் கழியுங்கள். மிச்சம் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் விட்டுவிடுங்கள். மீதிதான் உங்கள் வீட்டின் எடை. அதற்குள் அடங்காத எதையும் ஏற்றக் கூடாது.

தச்சர் சொன்னதில் பாதி சரி. 12 பேர் உட்கார்ந்தால் 800 கிலோவுக்கு மேல் வரும், வண்டி தாங்கத்தான் செய்யும். ஆனால் பயணிகள் இறங்கிப் போய்விடுவார்கள், அலமாரி இறங்காது. அந்த எடை இரவும் பகலும் ஸ்பிரிங் பட்டையின் மேலும் டயரின் மேலும் உட்கார்ந்தே இருக்கும். அதைவிட முக்கியம், பயணி உட்காருவது வண்டியின் தாழ்வான பகுதியில். நீங்கள் 300 லிட்டர் தொட்டி வைக்கப்போவது கூரையில். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கூரை மேல் 300 கிலோ, அதுவும் அலைபாயும் 300 கிலோ. கொண்டை ஊசி வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது தண்ணீரும் அதே பக்கம் ஓடும். ஐயாவிடம் கேளுங்கள், கூரையில் பாரம் ஏற்றிய பேருந்தை ஓட்டியவருக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும்.

பிளைவுட்டுக்கும் ஒரு கணக்கு சொல்கிறேன். எட்டுக்கு நான்கு அடி, 18 மி.மீ. பலகை ஒன்று ஏறக்குறைய 35 கிலோ. பத்துப் பலகை போனால் 350 கிலோ, மேலே ஒட்டும் மைக்காவையும் இழுப்பறை இரும்பையும் சேர்க்காமலே. அதையே அலுமினியச் சட்டத்தில் 9 மி.மீ. பலகை பொருத்திச் செய்தால் பலகையின் எடை பாதியாகும். வீட்டு மாடுலர் கிச்சன் செய்கிற ஆசாரிகள் நல்ல வேலைக்காரர்கள்தான், ஆனால் அவர்கள் கட்டுகிற சமையலறை நகராது. ஆணியும் பசையும் 2,000 கிலோமீட்டரில் இளகிவிடும். வண்டிக்குள் எதுவும் போல்ட்டும் லாக் நட்டும் போட்டு வண்டியின் சட்டத்தோடு பிணைத்திருக்க வேண்டும். அலமாரிக் கதவுக்குக் காந்தம் போதாது, அழுத்தித் திறக்கிற பூட்டுதான் வேண்டும். நான் ஆரம்பத்தில் கட்டிய ஒரு வண்டியில் காந்தம்தான் வைத்தேன். கொல்லிமலையின் 70 வளைவுகளில் நாற்பதாவதோ என்னவோ, மேல் அலமாரி திறந்து குக்கர் வந்து முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவின் தோளில் விழுந்தது. எலும்பு முறியவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல். அதற்குப் பிறகு தலைக்கு மேலே கனமான பொருள் வைக்கிற அலமாரியே நான் கட்டுவதில்லை. துணியும் போர்வையும் மேலே, பாத்திரமும் அரிசியும் கீழே.

தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர் போதும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில், தரையோடு ஒட்டி, உள்ளே தடுப்புத் தட்டு உள்ளதாகப் பாருங்கள். பாத்திரம் கழுவும் தண்ணீரைப் பிடிக்க 50 லிட்டரில் இன்னொரு தொட்டி. அதை ரோட்டில் விடக் கூடாது. நம் ஊரில் தண்ணீர் பிடிக்க பெட்ரோல் பங்க், கோயில் குழாய் என்று இடம் கிடைத்துக்கொண்டே இருக்கும், 300 லிட்டரைச் சுமக்கத் தேவையே வராது.

இனி, உங்கள் பட்டியலில் என்னை உண்மையாகவே பயமுறுத்திய ஒரு பொருளுக்கு வருகிறேன். ஜெனரேட்டர். 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை அருகே சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரின் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு, வண்டியின் தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்திருக்கிறது என்று கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் சோதித்துச் சொன்னார்கள். அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். ஏ.சி.க்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும் இதே ஆபத்துதான். ஆகவே வண்டிக்குள்ளோ வண்டியோடு ஒட்டியோ ஜெனரேட்டர் வேண்டவே வேண்டாம். ஜெனரேட்டர் இல்லாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம். பக்கத்தில் நிற்கும் லாரியின் புகைகூட உள்ளே வரலாம். படுக்கையில் தலை வைக்கும் உயரத்துக்கு அருகில் மாட்டுங்கள். தரையில் பழைய இருக்கைகளின் போல்ட் ஓட்டைகள் இருக்குமே, அவை ஒவ்வொன்றையும் அடைத்த பிறகுதான் மேலே தரைவிரிப்பு ஒட்ட வேண்டும். இதைத் தச்சரிடம் விடாமல், ஐயா கையில் டார்ச் எடுத்து அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்.

ஜெனரேட்டர் போனால் ஒன்றரை டன் ஏ.சி.யும் போகும். பேட்டரியில் ஓட்டலாமே என்று கேட்பீர்கள். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி.கூட ஓர் இரவுக்கு 5 யூனிட்டாவது கேட்கும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பது ஒன்றேகால் யூனிட். நான்கு ஐந்து பேட்டரியை ஒரு ராத்திரிக்குக் காலி செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. என் யோசனை, தை மாதம் கடற்கரை, மே மாதம் மலை என்று நீங்களே அழகாகப் பிரித்து வைத்திருக்கிறீர்கள், அந்தத் திட்டத்தையே ஏ.சி.யாக எடுத்துக்கொள்ளுங்கள். கூரையில் வெப்பக்காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்று, படுக்கைக்கு 12 வோல்ட் விசிறி இரண்டு, ஜன்னலுக்குக் கொசுவலை. கூரைத் தகட்டுக்கும் உள் பலகைக்கும் நடுவில் வெப்பம் இறங்காமலிருக்க நைட்ரைல் ரப்பர் ஷீட் ஒட்டுங்கள். ராக்வூல் என்கிற பாறைப் பஞ்சு வேண்டாம், அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு கூரையைத் துருப்பிடிக்க வைக்கும். கோடையில் சமவெளியில் தங்க நேர்ந்தால் அன்று ஒரு லாட்ஜில் ஏ.சி. அறை எடுங்கள்.

வீட்டு டியூபுலர் பேட்டரியை வீட்டிலேயே விடுங்கள். ஒன்றே 50 கிலோவுக்கு மேல். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும், குலுங்கினால் ஆசிட் சிந்தும். மூடிய அறையில், அதன் மேல் கட்டில் போட்டுத் தூங்குவது சரியல்ல. அதோடு அதன் திறனில் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பேட்டரி வாங்குங்கள். உங்கள் ஒரு நாள் தேவையைப் போட்டுப் பார்த்தேன். 50 லிட்டர் 12 வோல்ட் ஃபிரிட்ஜுக்கு அரை யூனிட், விசிறிகளுக்கு 0.4, விளக்கு, போன், தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்ந்து 0.2, சட்னிக்கு ஐந்து நிமிடம் மிக்ஸி ஓட்டினால் ஆகிற மின்சாரம் ஒன்றுமே இல்லை. மொத்தம் ஒன்றேகால் யூனிட்டுக்குள். 200 ஆம்பியர்-மணி பேட்டரி, வெயிலே இல்லாவிட்டாலும் இரண்டு நாள் நெருக்கித் தாங்கும். கூரையில் 400 வாட் சோலார் போட்டால் நல்ல வெயில் நாளில் அன்றைய செலவு அன்றே திரும்பிவிடும். மாவு புளிக்காமல் இருக்க ஃபிரிட்ஜ் வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் அதைப் பட்டியலில் நானே சேர்த்தேன். டி.வி.யை விட்டுவிடுங்கள் அம்மா.

ஓடும்போதும் சார்ஜ் ஏற, வண்டியின் ஆல்டர்னேட்டருக்கும் (இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தருவது) இந்த பேட்டரிக்கும் நடுவில், கரண்டை அளவோடு விடுகிற டி.சி.-டி.சி. சார்ஜர் கட்டாயம் வேண்டும். சில எலக்ட்ரீஷியன்கள் நேராக ஒயரை இழுத்துக் கொடுத்துவிடுவார்கள். லித்தியம் பேட்டரி கிடைக்கிற கரண்டையெல்லாம் உறிஞ்சும், ஆல்டர்னேட்டர் சூடாகிக் கருகும். அப்புறம் ஒயரின் கனம். வீட்டில் 230 வோல்ட், அதனால் மெல்லிய ஒயர் போதும். இங்கே 12 வோல்ட். 1,000 வாட் இழுத்தால் 80 ஆம்பியருக்கு மேல் ஓடும். 2,000 வாட் இன்வெர்ட்டர் என்றால் பேட்டரியிலிருந்து வருகிற ஒயர் 50 முதல் 70 சதுர மி.மீ. கனமும், ஒரு மீட்டருக்குள் நீளமுமாக இருக்கட்டும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஃபியூஸ். வண்டி தீப்பிடித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஒயரைத்தான். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் மைக்காவில் பிடியுங்கள், ஒயரில் வேண்டாம். வெளியே லாட்ஜிலோ நண்பர் வீட்டிலோ பிளக் போட்டுக்கொள்ளும் இணைப்புக்கு, மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. ஒன்று வையுங்கள். இரும்பு வண்டி, ஈரத் தரை, அது இல்லாமல் ஷாக் அடித்தால் ஆபத்து.

சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும். முகவரிச் சான்று இல்லாமலே பல பெட்ரோல் பங்குகளில் கிடைக்கிறது. இரண்டு பேருக்கு இரண்டு மூன்று வாரம் வரும். 14.2 கிலோ சிலிண்டர் நிரம்பியிருந்தால் 30 கிலோ, அதோடு அது வீட்டு உபயோகத்துக்கென்று கொடுத்தது. கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கி நிற்கும். அதனால் சிலிண்டரைத் தனிப் பெட்டியில், வண்டியின் உட்பக்கத்திலிருந்து முழுக்க அடைத்து, பெட்டியின் அடியில் வெளிக்காற்றுக்குத் திறந்த ஓட்டையோடு வையுங்கள். கேஸ் அலாரம் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள் இருக்கட்டும். பலர் அதையும் மேலே மாட்டிவிடுகிறார்கள், அங்கே பயனில்லை. வண்டி நகரும்போது ரெகுலேட்டரை மூடியே வையுங்கள். கதவருகே 2 கிலோ ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் ஒன்று. கட்டிலைப் போட்டுப் பின்கதவை அடைத்துவிடக் கூடாது, இரண்டு வழி எப்போதும் வேண்டும்.

வெஸ்டர்ன் டாய்லெட்டைவிட, 20 லிட்டர் கொள்ளளவுள்ள கேசட் டாய்லெட் நல்லது. இரண்டு பேருக்கு மூன்று நாள் வரும். பெட்டியை இழுத்தெடுத்து ஒரு கழிப்பறையில் கொட்டிக் கழுவலாம். காட்டிலோ ஓடையிலோ கொட்டக் கூடாது.

காகிதத்துக்கு வருவோம், இதைத் தள்ளிப் போடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் பதிந்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அனுமதி இல்லாமல் செய்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்றுகூடச் சட்டத்தில் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்று சட்டத்தில் தனி வகையே உண்டு. கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரநிலையும் உண்டு. எனவே வேலை தொடங்குமுன் வரைபடத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போய் அனுமதி கேளுங்கள். அந்தத் தரநிலை தெரிந்த பாடி கட்டும் பட்டறையில் வேலை கொடுங்கள். முடிந்ததும் ஆர்.சி.யில் பதிந்து, இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். இல்லாவிட்டால் விபத்து நடக்கிற அன்றுதான் பாலிசி செல்லாது என்று சொல்வார்கள்.

பராமரிப்பில் ஐயாவுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவர் ஓட்டிய பேருந்தில் ஏர் பிரேக் இருந்திருக்கும். இந்த வேனில் இருப்பது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீண்ட இறக்கத்தில் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி, பெடல் அழுத்த அழுத்தத் தரை வரை போய்விடும். பழைய வண்டி வாங்கியிருக்கிறீர்கள், அதனால் நீலகிரிக்கு முன் ஆயிலை முழுக்க மாற்றி, லைனர், பேடு எல்லாம் பார்த்துவிடுங்கள். பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போக 36 வளைவு உள்ள கல்லட்டி வழி வேண்டாம், கூடலூர் வழியாக இறங்குங்கள். 2024 மே 7 முதல் ஊட்டிக்கு இ-பாஸ் வேண்டும். பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும், அதைப் பார்த்து நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ன் 23-ஆவது வாரம் தயாரானது. உங்கள் வண்டியில் வந்த டயர்கள் அந்த வயதென்றால், பட்டன் (சாலையைப் பிடிக்கும் மேல்பக்க ரப்பர் கட்டைகள்) எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள், அதுதான் பெரும்பாலும் பழையதாக இருக்கும்.

கடற்கரைப் பயணம் முடிந்து வந்ததும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்புக் காற்று சும்மா விடாது. ஐப்பசி மழைக்கு முன், கூரையில் விசிறிக்கும் சோலாருக்கும் போட்ட ஓட்டைகளைச் சுற்றி சீலன்ட் வெடித்திருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். கேஸ் இணைப்புகளுக்கு மாதம் ஒருமுறை சோப்பு நுரை வைத்துப் பாருங்கள். குடிநீர்த் தொட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, 100 லிட்டர் தண்ணீருக்கு மணமில்லாத வீட்டு ப்ளீச் திரவம் 100 மில்லி கலந்து, நான்கு மணி நேரம் வைத்து, இரண்டு முறை அலசி ஊற்றுங்கள். வீட்டில் நிற்கும் காலத்தில் தொட்டியைக் காலி செய்து, லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில் வையுங்கள். மாதம் ஒருமுறை 20, 30 கிலோமீட்டர் ஓட்டி வாருங்கள். நின்ற இடத்தில் இன்ஜினை உறுமவிடுவது ஓட்டுவதற்கு ஈடாகாது. எலி ஒயரைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு பிஸ்கட் துண்டு கிடந்தாலும் வந்துவிடும்.

லடாக்கைப் பற்றிக் கொஞ்சம் மட்டும். லே நகரமே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மணாலியிலிருந்து போகும் வழியில் தங்லங் லா கணவாய் 5,300 மீட்டரைத் தாண்டும். அங்கே காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் இங்கே இருப்பதில் பாதி. உங்கள் வயதில் முதலில் மருத்துவரைப் பாருங்கள். லித்தியம் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. சிலிண்டரில் இருக்கிற பியூட்டேன் அந்தக் குளிரில் வாயுவாக மாறாது, அடுப்பு மங்கும். குளிருக்கு அடுப்பை மூட்டி வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. இரண்டு பயணம் முடித்து, வண்டியின் குணம் பிடிபட்ட பிறகு இதை விரிவாகப் பேசலாம்.

இப்போது தச்சரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். இருக்கையைக் கழற்றிய வண்டியில் ஒரு மெத்தை, ஒரு ஸ்டவ், 20 லிட்டர் கேன் இரண்டு எடுத்துக்கொண்டு வேளாங்கண்ணி, கோடியக்கரைப் பக்கம் மூன்று நாள் போய் வாருங்கள். ராத்திரியில் கால் எங்கே இடித்தது, எதைத் தேடினீர்கள், எதைத் தொடவே இல்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டையும் மூன்று எடைச் சீட்டுகளையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், கட்டில் எந்தப் பக்கம், தொட்டி எந்தப் பக்கம் என்று நானே வரைந்து தருகிறேன்.